கை விழுந்துபோச்சு என்கிறவர்களுக்கு

(புதுக்கோட்டையில் நண்பர்கள் கூடுகிற மாதக் கூட்டம் ஒன்றில் பேசியது. பேச்சின் போக்கை அதிகம் மாற்றாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



கவிதை வாசிக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கைவசம் கவிதை இல்லை. சில வருஷமாகவே நான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பது மூளையைப் பற்றி. ஒரு பி.காம்., பேங்கில் கவுன்ட்டர் கிளார்க், இவனுக்கு எதுக்கு மூளை என்று கேட்கலாம். பேங்கில் மேனேஜரே அப்படித்தான் கேட்கிறார். எங்கம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அதனால் படித்தேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எழுதியதைப் படித்ததையும், அம்மா கையைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் வைத்துத்தான் பேசப்போகிறேன். மருத்துவம் தெரிந்தவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் தப்பு வருமிடத்தில் தயங்காமல் நிறுத்துங்கள்.

எங்கம்மா கல்குவாரியில் கல் உடைத்தவர். 1991இல் நம்ம மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு நாலு வயது. குவாரிப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை இப்பவும் பலரும் எழுதுகிறார்கள். எங்கம்மா சைக்கிளில் ஏறவே இல்லை, பயம். கையெழுத்து மட்டும் கற்றுக்கொண்டார். அதுவரைக்கும் கூலி நோட்டில் இடது பெருவிரலில் மை தடவி அமுக்குவார்கள். கூலி கொடுக்கிறவன் விரலைத் தொடாமல் மைப்பெட்டியை மட்டும் தரையில் தள்ளிவிடுவான். கையெழுத்துப் போடக் கற்றபிறகு அம்மா பேனாவைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டார். “கைநாட்டு” என்கிற சொல் நம்ம ஊரில் வெறும் விவரம் இல்லை, வசவு. அந்த வசவிலிருந்து எங்கம்மா ஒரு ஆளாய் வெளியே வந்தது அந்த வலது கையால்தான். அம்மா பேரில் ரெண்டு புள்ளி எழுத்து உண்டு. கையெழுத்துப் போட்டு முடித்து, கொஞ்சம் நிதானித்து, அந்த ரெண்டு புள்ளியையும் பொட்டு வைக்கிற மாதிரி வைப்பார்.

2021 ஜனவரியில் ஒரு காலையில் குழாயடியில் குடம் நழுவியது. வலது கை, வலது கால், வாய் ஒருபக்கம் கோணி, பேச்சுக் குழறல். நான் பேங்கில் இருந்தேன். பக்கத்து வீட்டார் நல்ல மனசோடுதான் வந்தார்கள், புறா பிடித்துக்கொண்டு. புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் விழுந்த கை எழுந்துவிடும் என்று நம்ம பக்கம் ஒரு நம்பிக்கை. புறாவும் செத்தது, நேரமும் போனது. ரத்தக் குழாயில் கட்டி அடைத்துவிட்டால் நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லையென்று பார்த்த பிறகு. முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ வேறெதையும் யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன் என்று வைத்துக்கொண்டால்கூட இன்றைய கூட்டத்துக்கு அது போதும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊசிக்கான நேரம் தாண்டியிருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், கேஸ் ஷீட்டைப் பார்த்தார். “கால் வந்துரும். கை அவ்வளவுதான், எதிர்பார்க்காதீங்க” என்றார். கையைப் பார்க்கவில்லை. அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. பிற்பாடு படிக்கப் படிக்கத்தான் உறைத்தது.

மூளையின் மேற்பரப்பை மின்சாரத்தால் தொட்டால் உடம்பு அசையும் என்று முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் பெர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் என்கிற ரெண்டு பேர். 1870இல், நாய்களை வைத்து. இடது மூளையைத் தொட்டால் வலது கால் துடிக்கும். ஒரு இடத்தைத் தொட்டால் முன்னங்கால், தள்ளித் தொட்டால் பின்னங்கால். நாயில் பார்த்தாயிற்று, மனிதரில்? 1874இல் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் அதற்கும் ஒரு ஆள் கிடைத்தது. மேரி ராஃபர்ட்டி. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த பெண், முப்பது வயது, வீட்டு வேலைக்காரி. தலையில் புற்றுப்புண், மண்டையோடு அரித்து மூளை வெளியே தெரிந்தது. பார்த்தலோ என்கிற டாக்டர் அந்தத் திறப்பு வழியாக மூளைக்குள் ஊசியைச் செலுத்தி மின்சாரம் விட்டுப் பார்த்தார். எதிர்ப்பக்கத்துக் கை கால் அசைந்தது. மின்சாரத்தைக் கூட்டினார். அந்தப் பெண் வேதனையில் துடித்தாள், வலிப்பு வந்தது, நினைவு தப்பியது. சில நாளில் இறந்துபோனாள். அமெரிக்க மருத்துவச் சங்கம் கண்டித்தது, அவரும் வருத்தம் தெரிவித்தார். பிறகு ஃபிலடெல்பியாவில் பெரிய கல்லூரியில் பேராசிரியராகப் போய்ச் சேர்ந்தார்.

மனித மூளை கிளரக்கூடியது என்கிற அறிவு ஒரு வேலைக்காரியின் தலையில் எழுதப்பட்டது. பாடப்புத்தகங்களில் பார்த்தலோ பெயர்தான் முன்னால் வருகிறது. நான் அவள் பெயரைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

கிளர்தல் என்று சொன்னேன். ஆங்கிலத்தில் இருக்கிற சொல்லுக்குத் தமிழில் “கிளர்ச்சி” என்று போடலாம், போட்டால் இந்தக் கூட்டத்துக்கு உளவுத்துறை ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். அதனால் கிளர்வு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நரம்பணுவை எவ்வளவு லேசாகத் தட்டினால் அது பதில் சொல்கிறது என்பதுதான் கிளர்வு. லேசாகத் தட்டினாலே விழித்துக்கொண்டால் கிளர்வு அதிகம். கதவை உடைக்கிற மாதிரி தட்டினாலும் அசையவில்லையென்றால் குறைவு.

மாண்ட்ரியல் நகரத்தில் பென்ஃபீல்ட் என்கிற அறுவை மருத்துவர் 1930களில், வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை செய்யும்போது விழிப்பு நிலையிலேயே மூளைப் புறணியைத் தொட்டுத் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று வரைபடம் போட்டார். அதில் கைக்கும் முகத்துக்கும் பெரிய நிலப்பரப்பு. முதுகு முழுவதுக்கும் சேர்த்துக் கொஞ்சூண்டு. இன்னொன்று. வரைபடத்தில் ஆள் தலைகீழாகத் தொங்குகிறான். முகம் கீழே, அதற்கு மேலே கை, உச்சியில் கால். தலையில் பிறந்தவன் உசத்தி, காலில் பிறந்தவன் தாழ்த்தி என்று புருஷ சூக்தம் எழுதினானே, அவனுடைய மூளையின் உச்சாணியிலேயே உட்கார்ந்திருந்தது கால்தான். இதைப் படித்த ராத்திரி நான் தனியாகச் சிரித்தேன்.

சிரித்தபிறகு யோசித்தால், இதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உயிரோடிருக்கிற, மண்டை திறக்காத மனிதரிடம் இந்தக் கிளர்வை அளக்க முடிந்தது ரொம்பப் பிந்தி. 1980இல் மண்டைக்கு மேலிருந்தே மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். வேலை செய்தது, ஆனால் வலி. 1985இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் பார்க்கர் என்பவரும் கூட்டாளிகளும் காந்தத்தை வைத்துச் செய்தார்கள். கம்பிச்சுருளைத் தலைக்கு மேல் பிடித்து நொடியில் சின்னப் பின்னம் நேரத்துக்குப் பலமான மின்சாரம் விட்டால் காந்தத் துடிப்பு எழும்பி, எலும்பைத் தாண்டிப் போய், உள்ளே மூளையில் மெல்லிய மின்னோட்டமாகிறது. டக்கென்று பெருவிரல் துள்ளும். வலி கிடையாது. விரல் தசையில் ஒட்டிய தகடு எவ்வளவு துள்ளியது என்று பதியும். எவ்வளவு குறைந்த பலத்தில் துள்ளுகிறது என்பது அந்த ஆளுடைய வாசல்படி. பக்கவாதம் வந்த பக்கத்தில் இந்த வாசல்படி உயர்ந்துவிடும். சிலருக்குத் துள்ளலே இருக்காது.

இதனால் என்ன லாபம்? நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத்தில் கேத்தி ஸ்டைனியர் என்கிற ஆய்வாளரின் குழு இதை வைத்து ஒரு வழிமுறை உண்டாக்கியது. பக்கவாதம் வந்து மூணாம் நாள் நோயாளியிடம் ரெண்டே காரியம் செய்யச் சொல்கிறார்கள். தோளைப் பக்கவாட்டில் தூக்கு, விரல்களை விரி. ஒவ்வொன்றுக்கும் பலத்தைப் பொறுத்து அஞ்சு வரைக்கும் மதிப்பெண். ரெண்டும் சேர்ந்து அஞ்சோ அதற்கு மேலோ வந்தால் கை நல்லபடி தேறும் வாய்ப்பு அதிகம், மெஷினே வேண்டாம். குறைந்தால்தான் காந்தம். கை அசையாமல் கிடந்தாலும் காந்தத்துக்குத் தசை துள்ளினால் பாதை அறுந்துவிடவில்லை, தேற வாய்ப்பிருக்கிறது. இந்தக் கணிப்பு நாலில் மூணு பேருக்குச் சரியாக இருந்ததாக 2017இல் எழுதியிருக்கிறார்கள். நெதர்லாந்தில் 2010இல் வந்த ஆய்வு இன்னும் எளிது. முதல் மூணு நாளுக்குள் விரலைக் கொஞ்சமாவது விரிக்கவும் தோளைக் கொஞ்சமாவது தூக்கவும் முடிந்தவர்களில் ஆறு மாதத்தில் கைக்கு ஓரளவு லாகவம் திரும்பும் வாய்ப்பு 98 சதவீதம். ரெண்டும் முடியாதவர்களுக்கு 25.

98க்கும் 25க்கும் நடுவில் இருக்கிறது ஒரே ஒரு கேள்வி: “அம்மா, விரலை விரிங்க பார்ப்போம்.” இதற்கு மெஷின் வேண்டாம், காசு வேண்டாம். கையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எங்கம்மாவிடம் மூணாம் நாள் அதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்குத் தெரியாது. நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ போர்வை ஓரத்தில் அந்தக் கையின் நடுவிரல் சுண்டியதைப் பார்த்தேன். “அதெல்லாம் ஜெர்க்கு” என்றார் வார்டிலிருந்தவர். நம்பிவிட்டேன். 25இலும் நாலில் ஒருவர் இருக்கிறார் என்பதும் அப்போது தெரியாது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? ரத்தம் போகாத நடுப்பகுதி செத்துவிடும், அது திரும்பாது. அதைச் சுற்றிச் சாகாத ஒரு விளிம்பு இருக்கிறது. அந்த விளிம்பிலிருக்கிற அணுக்கள் உயிரோடிருந்தும் பேசாமலிருக்கின்றன. 2010இல் அமெரிக்காவில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். விளிம்பு அணுக்களின் மேல் ஒரு பிரேக் விழுந்திருக்கிறது. காபா என்கிற வேதிப்பொருள் வழக்கத்தைவிட அதிகமாகத் தங்கி அவற்றை அமுக்கி வைக்கிறது. பிரேக்கைத் தளர்த்தும் மருந்தை மூணு நாள் கழித்துக் கொடுத்தால் எலியின் கால் சீக்கிரம் தேறியது. அதையே உடனே கொடுத்தால் புண் பெரிசானது. ஆக, பிரேக் முதலில் காப்பாற்றத்தான் விழுகிறது. கிளர்வு அப்போது கூடினால் மிச்சமும் எரிந்துபோகும். ஆபத்து போனபிறகும் பிரேக் எழும்பாமல் கிடப்பதுதான் பிரச்சினை. இது எலிக் கதை. மனிதருக்கு இதன்படி ஒரு மாத்திரை இன்றுவரைக்கும் கடைக்கு வரவில்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

மனிதரில் இதே மாதிரி ஒரு பாடம் 2015இல் கிடைத்தது. 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயாளியை அடிக்கடி தூக்கி நிறுத்தி நடத்திப் பயிற்சி கொடுத்தால் நல்லது என்று நினைத்து, 2104 பேரை வைத்துச் சோதித்தார்கள். அப்படிச் செய்யப்பட்டவர்கள் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருந்தார்கள். முதல் நாளே பாடாய்ப் படுத்தவும் கூடாது, அப்புறம் அப்படியே போட்டுவிடவும் கூடாது.

இப்போது நான் சொன்ன ஆபத்துக்கு வருகிறேன். மூளையின் ரெண்டு பாதியும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டுதான் வேலை செய்கின்றன. வலது கையைத் தூக்கும்போது இடது பாதி பேசுகிறது, வலது பாதி வாயை மூடிக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தில் ஒரு பாதி அடிபட்டதும் நல்ல பாதி அதன்மேல் ஏறி உட்கார்ந்து எழவிடாமல் அமுக்குகிறது என்று 2004 வாக்கில் அளந்து காட்டினார்கள். இதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டது. ஆதிக்கப் பாதி, அடக்கப்பட்ட பாதி. கவிதை தயார். நோட்டில் ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். மருத்துவர்களும் இதே உவமையில் மயங்கியவர்கள்தான் போல. நல்ல பாதியின் கிளர்வைக் காந்தத்தால் குறைத்தால் அடிபட்ட பாதி எழுந்துவிடும் என்று பல இடங்களில் செய்து பார்த்தார்கள். சின்னச் சின்ன ஆய்வுகளில் நல்ல பலன். பிறகு 199 பேரை வைத்து ஒழுங்காக ஒரு சோதனை, 2018இல் முடிவு வந்தது. நிஜக் காந்தம் வைத்தவர்களில் 67 சதவீதம் பேர் முன்னேறினார்கள். பொய்யாகச் சும்மா வைத்தவர்களில் 65 சதவீதம். ரெண்டுக்கும் வித்தியாசமில்லை. ரெண்டு கூட்டத்துக்கும் பொதுவாக இருந்தது கைப்பயிற்சி. நல்ல பாதி சிலருக்கு இடைஞ்சல் செய்யலாம், புண் பெரிசாய் இருக்கிற சிலருக்கு அதுதான் கைகொடுக்கிறதோ என்று இப்போது யோசிக்கிறார்கள்.

அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். உடம்பை எடுத்துச் சமூகத்துக்கு உவமை சொன்னவர்களால் நாம் பட்டது கொஞ்சமா? பாபாசாகேப் 1946இல் ‘சூத்திரர்கள் யார்?’ எழுதியபோது அந்தச் சூக்தத்தைத்தான் முதலில் எடுத்துப் பிரித்துப் போட்டார். அதையே தலைகீழாகத் திருப்பி நாம் எழுதுவதில் எனக்கு இப்போது உடன்பாடில்லை. கால் உச்சியில் இருக்கிறது என்று சிரித்தேனே, அதையும் சேர்த்துத்தான். மூளை மூளைதான். எங்கம்மா கை எங்கம்மா கைதான்.

உவமை இல்லாமலே நேராக உறைத்தது வேறொரு விஷயம். எட்வர்ட் டாப் என்கிற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளின் ஒரு கைக்குப் போகும் உணர்ச்சி நரம்புகளை அறுத்துவிட்டுக் கவனித்தார். (அந்தக் குரங்குகளை வைத்திருந்த லட்சணத்துக்காக 1981இல் அவர்மேல் வழக்கு வந்து பெரிய அமளியானது. அது தனிக் கதை.) அசைக்கிற நரம்பு அறுபடவில்லை, ஆனாலும் குரங்கு அந்தக் கையைத் தொங்கவிட்டுவிட்டது. ஆரம்பத்தில் முயன்று பார்க்கிறது, விழுகிறது, சாப்பாடு நழுவுகிறது. நல்ல கையால் எடுத்தால் உடனே கிடைக்கிறது. சில நாளில் அந்தக் கை தன்னுடையதே இல்லை என்கிற மாதிரி விட்டுவிடுகிறது. பிற்பாடு அசைக்கக்கூடிய நிலை வந்தபிறகும் அசைப்பதில்லை. பயன்படுத்தாமலிருக்கக் கற்றுக்கொள்கிறது என்றார் டாப். நல்ல கையைக் கட்டிப்போட்டார். கெட்ட கை வேலை செய்ய ஆரம்பித்தது.

1996இல் ரேண்டால்ஃப் நூடோ என்பவர் வேறு வகைக் குரங்குகளின் மூளையிலேயே வரைபடம் போட்டுக் காட்டினார். சின்னப் பக்கவாதம் உண்டாக்கிச் சும்மா விட்டால், சாகாத இடத்திலிருந்த கைப் பிரதேசமும் சுருங்கி, அங்கே முழங்கையும் தோளும் வந்துவிடும். குழியிலிருந்து உணவு உருண்டையை விரலால் நோண்டி எடுக்கும் பயிற்சியைத் தினமும் கொடுத்தால் கைப் பிரதேசம் சுருங்கவில்லை, சிலவற்றில் விரிந்தது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அம்மாவுக்குச் சோறு ஊட்டினோம். தலை சீவினோம். தண்ணியை வாயில் வைத்தோம். என் மனைவி புடவை கட்டிவிட்டாள், ஊக்குக் குத்திவிட்டாள். தங்கச்சி கையைத் தலையணையில் வைத்துச் சாமி படம் மாதிரி பார்த்துக்கொண்டாள். “எந்திரிக்காதம்மா, நான் எடுத்துத் தாரேன்.” ஆயுசு முழுக்க உழைத்த பொம்பளை, கொஞ்சம் உட்காரட்டுமே என்று. ஏழு மாசம். ஏழு மாசமும் அந்தக் கைப் பிரதேசத்துக்கு நாங்கள் அனுப்பிய செய்தி உனக்கு வேலையில்லை என்பதுதான்.

இடையில் பிசியோதெரபிக்கு ஆள் தேடாமலில்லை. டவுனில் ஒருவர் வீட்டுக்கே வருவதாகச் சொல்லி, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசி முடித்தோம். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். காலனியா என்றார். ஆமா என்றேன். ரெண்டு நாள் கழித்து, அந்தப் பக்கம் இப்ப வர்றதில்ல சார், டைம் ஒத்துவரல என்றார். மற்ற வைத்தியத்தில் மாத்திரையை எட்டி நின்று தூக்கிப் போடலாம், இதில் முடியாது. ஒருத்தர் கையை இன்னொருத்தர் பிடித்துத்தான் ஆக வேண்டும். பிடித்து, விரித்து, மடக்கி, நூறு தடவை.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்து, அதில் வீட்டுக்கே பிசியோதெரபி என்று வைத்தார்கள். ஒரு பெண் வந்தார். எங்கள் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அம்மா கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “விரலை விரிங்கம்மா.” ஏழு மாசத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆள்காட்டியும் நடுவிரலும் ஒரு அரிசி அகலத்துக்கு எழுந்தன. “இருக்கே!” என்றார் அந்தப் பெண். எங்கம்மா ஓவென்று அழுதுவிட்டார்.

அவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன், கிளார்க் புத்தி. 2009இல் வட அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பயிற்சி நேரங்களில் கூடவே உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். ஒரு தடவை பயிற்சியில் கைக்குப் பொருளுள்ள வேலை சராசரி 32 முறைதான். விலங்குகளில் மூளை வரைபடத்தை மாற்றிய பயிற்சி ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை. பணக்கார நாட்டிலேயே 32. மாதத்துக்குச் சில தடவை வருகிற அந்தப் பெண் எத்தனை செய்ய முடியும்? மிச்சம் வீட்டார் கையில். வீட்டார் போதுமா? இந்தியாவிலேயே 14 ஆஸ்பத்திரிகளில் 1250 நோயாளிகளை வைத்து, குடும்பத்தாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினால் பலன் உண்டா என்று பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் உதவியில் இருப்பவர்களும் சேர்ந்து ரெண்டு பக்கமும் 47 சதவீதம். ஒரு வித்தியாசமும் இல்லை. பாசமிருந்தால் போதும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் கையைக் கழுவுவதற்கு இந்த 47 இடம் கொடுக்கவில்லை. ஆள் போட வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும், எங்கள் தெருவுக்கும் வர வேண்டும்.

டாப் உண்டாக்கிய மனித வைத்தியத்தில் நல்ல கைக்கு உறை மாட்டிவிடுகிறார்கள். விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு, ரெண்டு வாரம், கூடவே பல மணி நேரப் பயிற்சி. அமெரிக்காவில் 222 பேரிடம் செய்து 2006இல் நல்ல பலன் என்று காட்டினார்கள். பக்கவாதம் வந்து மூணிலிருந்து ஒன்பது மாதம் ஆனவர்கள் அவர்கள். ஆனால் மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது விரியக்கூடியவர்களுக்குத்தான் இது. ஒன்றுமே அசையாத ஆளுக்கு நல்ல கையையும் கட்டினால் அது வதை. நடக்கும்போது மாட்டவும் கூடாது, விழுந்தால் ஊன்றக் கை வேண்டும்.

அம்மாவுக்கு விரல் இன்னும் கொஞ்சம் விரிந்த பிறகு, அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டுதான் என் பழைய சாக்ஸை இடது கையில் மாட்டினோம். ரப்பர் பந்து, பிளாஸ்டிக் கோன் எல்லாம் வாங்கினேன். அம்மா தொடவில்லை. “இதென்னடா, பச்சப்பிள்ளை சாமானாட்டம்.” கடைசியில் புளியங்கொட்டை. பிறகு சல்லி. வாசலில் கிடந்த சல்லியை ஒவ்வொன்றாக எடுத்துத் தகரடப்பாவில் போடுவது. டங்கு டங்கென்று சத்தம். குவாரியில் ஒரு நாளைக்கு எத்தனை சுத்தியல் அடி அடித்த கை அது, அது எண்ணாது. நான் எண்ணினேன். முதல் வாரம் ஒரு நாளைக்கு 20 கல் தேறவில்லை. மூணாம் மாதம் 300ஐத் தாண்டியது.

கண்ணாடியும் வைத்தோம். சென்னையில் டாக்டருக்குப் படித்து அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு வரும் பொய் வலிக்காக 1990களில் கண்டுபிடித்தது. நடுவில் கண்ணாடியை நிறுத்தி நல்ல கையை அசைத்தால், பிம்பத்தில் கெட்ட கை அசைகிற மாதிரி தெரியும். பக்கவாதத்துக்கும் இதை 1999இலிருந்து செய்து பார்க்கிறார்கள். ஓரளவு உதவுகிறது. எங்கம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “பொய்யி” என்று ஒரே வார்த்தையில் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார். கழுத்து நரம்பில் கருவி பதித்து, கை அசையும்போதெல்லாம் அதைத் தூண்டிவிட்டு மூளையைக் கற்கத் தயார்ப்படுத்துகிற முறை ஒன்றுக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம்ம சல்லிக்கும் அதற்கும் விலையில் உள்ள தூரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் கருவியோடு சேர்த்து நூற்றுக்கணக்கில் பயிற்சி செய்யத்தான் சொல்கிறார்கள்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் அம்மா கணக்கில் பணம் எடுக்க வேண்டியிருந்தது. கையெழுத்து ஒத்துவராது. எனக்கு விதி அத்துப்படி: கையெழுத்துப் போட முடியாத நோயாளி, கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைக்கலாம். ரெண்டு சாட்சி, அதில் ஒருவர் பேங்க் அதிகாரி. நல்ல விதிதான், பல பேருக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன். மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். “கைநாட்டு வெச்சிரும்மா, ஈசி. சாட்சிக்கு நான் ஆள் பாத்துக்கிறேன்” என்றேன். அம்மா மைப்பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேச்சு அப்போது பாதிதான் திரும்பியிருந்தது. “நீயாடா” என்றார்.

அன்றைக்குப் பணம் எடுக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து சல்லி எடுத்து முடித்ததும் சிலேட்டு. அறிவொளியில் கொடுத்தது எப்போதோ உடைந்துபோனது, இது என் மகளுடையது. பேரனுக்கும் பேத்திக்கும் எழுதிக் காட்டிய கைக்குப் பேத்தி பிடித்து எழுத வைத்தாள். சாக்பீஸைப் பிடிக்க அதில் துணி சுற்றினோம். 2023 மார்ச்சில் ஆட்டோ வைத்து அம்மாவை பேங்குக்குக் கூட்டிப்போனேன். என் கவுன்ட்டரில் இல்லை, பக்கத்துக் கவுன்ட்டரில். மாதிரிக் கையெழுத்தைப் புதிதாகப் பதிய வேண்டும். பின்னால் வரிசை நின்றது. ஒருத்தர் உச்சுக்கொட்டினார். அம்மா பதினோரு நிமிஷம் எடுத்துக்கொண்டார். எழுத்து மேலே ஏறிக் கீழே இறங்கி, கட்டத்துக்கு வெளியேயும் போனது. முதல் புள்ளி விழுந்தது, கொஞ்சம் தள்ளி. ரெண்டாவது புள்ளிக்குப் பேனாவைத் தூக்கினார், கை நடுங்கியது, வைக்க முடியவில்லை. “போதும்மா” என்றார் கவுன்ட்டர்க்காரர், அன்போடுதான். அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மாதிரி அட்டையில் இப்போது இருப்பது ஒரு புள்ளிக் கையெழுத்து. போன மாசம் வீட்டில் எழுதிப் பார்த்தபோது ரெண்டாவதும் விழுந்தது. “இப்ப ரெண்டும் வெச்சுப் போட்டா உங்காளுக செல்லாதும்பாகளா?” என்று கேட்கிறார். செல்லாது என்றுதான் சொல்லியிருக்கிறேன். திங்கள்கிழமை அட்டையை மறுபடி மாற்றக் கூட்டிப்போகிறேன்.